மிஷின் வந்தது, கட்டிங் வரவில்லை

ராமநாதபுரம் மாவட்டத்தில் நம் தெருக்களில் எந்த வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் அடியில் ஒரு பழைய ரவிக்கை மடித்து வைத்திருப்பார்கள். அதை யாரும் போடுவதில்லை. அதுதான் 'அளவு ஜாக்கெட்'. தைக்கக் கொடுக்கும்போது புதுத் துணியோடு அதையும் மஞ்சப்பையில் போட்டு அனுப்புவார்கள். எல்லாச் சாதியிலும் இந்தப் பழக்கம் உண்டு என்று சொல்வீர்கள். உண்டுதான். ஆனால் ஊர்த் தெருப் பெண்ணுக்கு அளவு ஜாக்கெட் ஒரு வசதி. நமக்கு நெடுங்காலம் அதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. டெய்லர் நம் மேல் டேப் வைக்க மாட்டார். எங்கள் அம்மாக்கள் காலத்தில் கடைக்கு உள்ளேயும் போக முடியாது. வாசலில் நின்று பையை நீட்ட வேண்டும். கண்ணாலேயே ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பழசு இருக்கா, கொண்டா" என்பார்.

இதில் என்ன கெட்டுப்போனது என்று கேட்கலாம். உடம்பு மாறிக்கொண்டே இருக்கிறது, அளவு ஜாக்கெட் மாறுவதில்லை. பிள்ளை பெற்ற பிறகும் பெறுவதற்கு முந்தைய அளவிலேயே ரவிக்கை வரும். எங்களில் ஒருத்தி பத்தாம் வகுப்பு படிக்கையில் அம்மாவின் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துத் தைத்த தாவணி ரவிக்கையைத்தான் போட்டாள். தோள் இறங்கிக்கொண்டே இருக்கும். கையைத் தூக்கிப் பலகையில் எழுத வெட்கப்பட்டு, கணக்கு வாத்தியார் கூப்பிட்டபோதெல்லாம் விடை தெரியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ரவிக்கைக்கும் நமக்குமான கணக்கு இந்த மாவட்டத்தில் பழையது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியின் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இந்தியச் சாதிகள் பற்றிய தன் நூலில் அவற்றை வரிசையாகப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கட்டக் கூடாது. சட்டை, பனியன், கோட்டு போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மறைக்கக் கூடாது. பொன், வெள்ளி நகை, பூ, குடை, செருப்பு என்று பட்டியல் நீள்கிறது. மீறிய இடங்களில் குடிசைகள் எரிந்தன. எட்டில் இரண்டு தடைகள் நேரடியாகத் தையல்காரர் கையில் உருவாகும் பொருளைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1927 டிசம்பரில், மகாராஷ்டிரத்தின் மஹாத்தில் நம் பெண்களைக் கூட்டி வைத்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், சேலை கட்டும் முறையை மாற்றச் சொன்னார். கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்ததுமே இன்ன சாதி என்று கண்டுபிடிக்க வசதியாக இருக்கும் எந்த அடையாளத்தையும் விட்டுவிடுங்கள் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அங்கிருந்த பெண்கள் அப்போதே கணுக்கால்வரை இறக்கிச் சேலை கட்டிக்கொண்டார்கள். சேலைக்குக் கட்டத் தெரிந்தால் போதும். ரவிக்கைக்கும் சட்டைக்கும் அது போதாது. யாராவது வெட்ட வேண்டும்.

நம் வீடுகளுக்குத் தையல் மிஷின் வராமல் இல்லை. தமிழக அரசின் இலவசத் தையல் இயந்திரத் திட்டம் நம்மில் ஒருவரின் பெயரில்தான் இருக்கிறது. சத்தியவாணி முத்து அம்மையார் 1967-ல் அண்ணா அமைச்சரவையில் இடம்பெற்றவர். ஒடுக்கப்பட்டோருக்குக் கட்சியில் உரிய இடமில்லை என்று 1974-ல் தி.மு.க.வை விட்டு வெளியேறி, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியவர். 1979-ல் மத்திய அமைச்சரானார். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இந்த மிஷினுக்கு மனுக் கொடுக்கலாம். தைக்கத் தெரியும் என்பதற்கான சான்றும் கேட்பார்கள்.

எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் மிஷின் இருக்கிறது. ஒன்றின் மேல் டி.வி. உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்றில் அரிசி மூட்டை. மற்ற மூன்றில் கிழிந்த பாவாடைக்கு ஓட்டுத் தையல், தலையணை உறை, சேலைக்கு ஓரம் அடிப்பது. "ஏன் சித்தி, நீங்களே ரவிக்கை தைத்துக்கொள்ளலாமே?" என்று கேட்டால் ஐந்து பேரிடமும் ஒரே பதில்தான்: "தைக்கத் தெரியும்த்தா. வெட்டத் தெரியாது."

அந்தச் சித்திகளில் ஒருவர் திருப்பூர் கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். பவர் மிஷினில் அவர் கை போகும் வேகத்தைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். ஒன்பது வருஷமும் அவர் செய்தது கை இணைக்கும் வேலை ஒன்றுதான். வலது கை, இடது கை, வலது கை, இடது கை. கழுத்துப்பட்டி வேறு ஒருத்திக்கு, காஜா இன்னொருத்திக்கு. முழுச் சட்டை ஒன்று எப்படி உருவாகிறது என்பதை அந்த ஹாலில் முழுதாக அறிந்தவர்கள் சிலரே. கட்டிங் மேஜை தனியே இருக்கும். அங்கே நிற்பவர் பெரும்பாலும் ஆண். அவரை 'மாஸ்டர்' என்பார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் மகளிர் கூட்டுறவுச் சங்கத்திலும் வெட்டிய துணியை வாங்கிவந்து வீட்டில் தைத்துக் கொடுக்கும் பெண்களைப் பார்க்கிறோம். மூன்று மாதத் தையல் பயிற்சியில் பாதி நாள் நேர்த் தையலிலேயே போய்விடுகிறது. ஆம்ஹோல் வளைவு வரும்போது சான்றிதழும் வந்துவிடும்.

மிதிப்பது கூலி. வெட்டுவது அறிவு. அந்த அறிவு காகிதத்தில் இருக்கிறது, அதைக் காசு கொடுத்தோ கொடுக்காமலோ யாரும் எடுக்கலாம் என்பது எங்களுக்குத் தெரிய வந்தது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணால்.

துணியை வெட்டும் அளவுக் காகிதத்துக்கு 'பேட்டர்ன்' என்று பெயர். 1863-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் ஒரே உடுப்பைப் பல அளவுகளில் காகிதத்தில் வெட்டி விற்கத் தொடங்கினார். சட்டைக் காகிதத்தை வாங்கி, துணிமேல் வைத்து வெட்டி, வீட்டுப் பெண்கள் தாங்களே தைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு பெரிய கம்பெனிகள் வந்தன. 1952-ல் ஜெர்மனியில் ஏனே பூர்டா என்ற பெண் பத்திரிகையோடு பேட்டர்னையே சேர்த்துக் கொடுத்தார். கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் இன்னொன்று நடந்திருக்கிறது. எந்தக் கம்பெனியையும் சேராத தனி வடிவமைப்பாளர்கள், அதிலும் பெண்கள் நிறையப் பேர், வீட்டிலிருந்தபடியே பேட்டர்ன் வரைந்து பி.டி.எஃப். கோப்பாக இணையத்தில் விற்கிறார்கள். இலவசமாகக் கொடுப்பவர்களும் உண்டு. நம் அளவைக் கொடுத்தால் நமக்கென்றே வரைந்து தரும் 'ஃப்ரீசூயிங்' என்ற திறந்தமூல மென்பொருளும் இருக்கிறது.

அந்தக் கல்லூரிப் பெண் இலவச பேட்டர்ன் ஒன்றை, இடுப்புக்குக் கீழே இறங்கும் ஒரு மேல்சட்டையினுடையதை, போனில் இறக்கி டவுன் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தாள். முப்பது ஏ4 தாள்கள். அவற்றை எண் பார்த்து வரிசையாகப் பரப்பி, ஓரம் வெட்டி, செல்லோ டேப் ஒட்ட வேண்டும். சமுதாயக் கூடத் திண்ணையில் நாங்கள் ஆறு பேர் மண்டியிட்டு ஒட்டினோம். துணி வெட்டி, சித்தி கை இணைத்து, எல்லாம் முடிந்து போட்டுப் பார்த்தால் சட்டை அவளுக்கு ஏறவில்லை. ஆறாம் வகுப்பு படிக்கும் அவள் தங்கைக்குத்தான் சரியாக இருந்தது.

தப்பு கடைசியில்தான் பிடிபட்டது. முதல் தாளிலேயே ஒரு சிறு கட்டம் இருக்கிறது, 'சோதனைக் கட்டம்'. பிரிண்ட் எடுத்ததும் ஸ்கேல் வைத்து அதை அளக்க வேண்டும். ஒரு இஞ்ச் என்று போட்டிருந்தால் ஒரு இஞ்ச் இருக்க வேண்டும். கடைக்காரர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற முறையில் பிரிண்ட் போட்டதில் எல்லாமே சுருங்கிவிட்டது. 'அசல் அளவு', அதாவது 100 சதவீதம் என்று சொல்லி எடுக்க வேண்டும். இதைப் படிக்கும் தங்கைகள் கடைக்காரரிடம் இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

கெட்டுப்போன அந்தச் சட்டைதான் எங்களுக்குப் பாடமானது. பிரித்துப் பார்த்தோம். காகிதத்தில் இருந்த நீண்ட அம்புக்குறி துணியின் நேர் இழை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஓரத்துச் சிறு வெட்டுக்குறிகள் கையும் தோளும் எங்கே சந்திக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு அளவு. மார்பு ஒரு அளவிலும் இடுப்பு இன்னொரு அளவிலும் இருந்தால் ஒரு கோட்டிலிருந்து மற்றதற்கு மெதுவாகச் சாய்த்து வரைந்துகொள்ளலாம். திருப்பூர் சித்தி அந்தக் கையின் காகிதத்தை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வளைவு ஏன் ஒரு பக்கம் கூடுதலா இருக்குன்னு ஒன்பது வருஷமா எனக்குத் தெரியாது" என்றார். கையை முன்னால் நீட்ட முதுகுப் பக்கம் துணி வேண்டும். அதற்காகத்தான்.

இந்த பேட்டர்ன்கள் எல்லாம் நமக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டோம். அளவுப் பட்டியல் அவர்கள் ஊர் உடம்புக்குப் போட்டது. ரவிக்கை தேடினால் கிடைப்பது அரிது. விலைக்கு விற்பவை டாலர் கணக்கில் இருப்பதால் நம் கைக்கு எட்டாது. ஒருவர் உழைத்து வரைந்து விற்பதை வாங்கி ஜெராக்ஸ் போட்டு விற்பதும் நியாயமில்லை. இலவசமானவற்றில் முறையைக் கற்றுக்கொண்டு நமக்கானதை நாமே வரைந்துகொள்வதுதான் வழி.

அப்படித்தான் பழைய பேப்பரை எடுத்தோம், இந்த நாளிதழின் பேப்பரைத்தான். டேப் வைத்து ஒருத்தியை ஒருத்தி அளந்தோம். குர்த்தாவுக்கு மார்புச் சுற்றளவு 34 என்றால் நாலில் ஒரு பங்கு எட்டரை. அதோடு தளர்வுக்கு ஒன்றரை, தையலுக்கு ஒன்று. மொத்தம் பதினொன்று. தோள் அகலம் 14 என்றால் பாதி ஏழு. ஆம்ஹோல் வளைவை முன்பக்கம் பின்பக்கத்தைவிட அரை இஞ்ச் உள்வாங்கி வெட்ட வேண்டும். முதலில் நல்ல துணியில் கத்தரி வைக்காதீர்கள். பழைய வேட்டியில் வெட்டி, பெரிய தையலாகப் போட்டு, உடுத்திப் பார்த்து, இழுக்கும் இடத்தில் பென்சிலால் குறித்து, அந்தத் திருத்தத்தைப் பேப்பரில் ஏற்றுங்கள். பிறகு அந்தப் பேப்பரைக் காக்கி அட்டையில் ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். ஒரு வருஷம் கழித்து மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

நம் பெண்கள் என்றாலே எந்தத் திட்டத்திலும் தையல் மிஷினைக் கொடுத்து அனுப்பிவிடும் பழக்கம் அதிகாரிகளிடம் உண்டு. அதில் எங்களுக்குச் சந்தோஷமில்லை. படிப்பை விட்டுவிட்டு மிஷினில் உட்காரச் சொல்லி இதை எழுதவில்லை. நர்சிங் படிக்கும் பெண்ணும் வக்கீலுக்குப் படிக்கும் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை திண்ணைக்கு வருகிறார்கள், தங்கள் துணியைத் தாங்களே வெட்டிக்கொண்டு போகிறார்கள். ஆண் பிள்ளைகள் இரண்டு பேரும் வருகிறார்கள். ஒருவன் கால்சட்டையில் வேகமாக முன்னேறுகிறான். அரிசி மூட்டை இறங்கிவிட்டது. டி.வி. மட்டும் இன்னும் இறங்கவில்லை.

போன மாதம் தெருக் கோடி வீட்டுப் பாட்டி வந்தார். எண்பதைத் தாண்டியவர். அவருடைய அம்மா கடைசிவரை ரவிக்கை போடாமலே இருந்தவர். பாட்டி கல்யாணத்துக்குப் பிறகு போட ஆரம்பித்தாராம், எல்லாம் அளவு ஜாக்கெட் கணக்குதான். டேப்பை அவர் மேல் வைத்தபோது கூச்சப்பட்டுச் சிரித்தார். இத்தனை வயதில் முதல் தடவையாக ஒருவர் அளக்கிறார். எப்படி வேண்டும் பாட்டி, கழுத்து இறக்கமா, கை நீளமா என்று கேட்டோம். கையெல்லாம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், உள்பக்கம் ஒரு பை வேண்டும் என்றார், முதியோர் பென்ஷன் பணம் வைக்க. சுருக்குப் பையை இடுப்பிலிருந்து பேரன் உருவிவிடுகிறானாம்.

எந்த பேட்டர்னிலும் அப்படி ஒரு பை இல்லை. இடது பக்கம், நான்கு இஞ்ச் உயரம், மூன்றரை இஞ்ச் அகலம், மேலே ஒரு பட்டன் என்று பேப்பரில் வரைந்து வெட்டினோம். இப்போது அதே பையைக் கேட்டு இன்னும் மூன்று பாட்டிகள் சொல்லி வைத்திருக்கிறார்கள்.