பூத்தையலும் ரேந்தையும்

ஓய்வுப் பொழுதில் துணியிற் பூத்தையல் இடுவதை வீண்வேலை என்பாரும் உளர். மலையடிவாரத்துக் கோம்பையில் வாழ்வார்க்கும் இஃது எளிதிற் கைகூடும். வட்டச் சட்டமும் ஊசியும் வண்ண நூலுமே வேண்டுவன. காம்புத் தையலாற் கொடி படரும். சங்கிலித் தையலால் இதழ் விரியும். உடன் பொறுமையும் வளரும்.

ஆயினும், நூல்வேலை பொழுதுபோக்களவில் நின்றதன்று. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார், தம் பெண்பள்ளியில் ரேந்தை பின்னக் கற்பித்தார். திண்டின்மேற் குண்டூசிகளை நாட்டி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றி இட்டுப் பின்னுவதே அம்முறை. அடிமைக்குடியிற் பிறந்த பெண்கள் சிலர் அவ்வூதியத்தால் தம் விடுதலையை விலைக்குப் பெற்றனர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்ததோ 1855-இலேயாம்.

அம்மையாரின் மகளார் எலைசா, 1844-இற் கால்டுவெல் ஐயரை மணந்து, இக்கலையை இடையன்குடியிற் பரப்பினார். கணவர் ஒப்பிலக்கண நூல் இயற்றினார். மனைவியார் நூலிழையாற் பெண்களுக்கு வாழ்வளித்தார்.

பிறர் தளையை அறுத்த இழையை நாம் இன்பத்திற்காகக் கையில் எடுக்கின்றோம். அதனை வீண்வேலை என்னாதிருப்போமாக. ஒரு பூவை நாமே தைத்துப் பார்த்தபின், பிறர் கைவேலைக்கு விலை குறைத்துப் பேசவும் நாணுவோமாக.