சக்கரம் சுற்றும் முன் ரசீதை எடுத்து வையுங்கள்

தின்பண்ட பாக்கெட்டின் பின்புறம் ஒரு க்யூ.ஆர். கட்டம். ஸ்கேன் செய்தால் செல்போனில் விளையாட்டு ஆப் திறக்கிறது. சக்கரத்தைச் சுற்றினால் பைக், அட்டையைச் சுரண்டினால் தங்கக்காசு என்கிறது. பாதியில் திரை உறைந்து நிற்கும். மூடும் குறி எங்கே என்று தேடினாலும் அகப்படாது. அதற்குள் பிள்ளை அப்பாவின் செல்போன் எண்ணைக் கொடுத்து, தொடர்புப் பட்டியலைப் பார்க்கவும் அனுமதி தந்திருக்கும். மூலகுளம், ரெட்டியார்பாளையம், லாசுப்பேட்டை என்று புதுச்சேரி உழவர்கரையில் எங்கே போனாலும் இதைக் கேட்கிறேன். ஆத்திரம் வருவது அடுத்து நம் மக்கள் செய்வதைப் பார்த்துத்தான். ஆப்பை அழித்துவிடுகிறார்கள், பாக்கெட்டைக் குப்பையில் போடுகிறார்கள், அப்புறம் யாரிடம் புகார் செய்வது என்று கேட்கிறார்கள். கையிலிருந்த ஆதாரம் அத்தனையும் போன பிறகு எந்த அதிகாரி கேட்பார்?

கம்பெனிகள் விளையாட்டை விளம்பரமாக்குவது புதிதல்ல. 1983-லேயே அமெரிக்காவில் பூரினா நாய்த்தீவனத்துக்காக ஒரு வீடியோ கேம் வந்தது. அது நேரத்தைத் தின்றதோடு சரி. இன்றைய அரைகுறை ஆப் உங்கள் விவரங்களையும் அள்ளிக்கொள்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-ன்படி, கொடுக்கும் எண்ணமே இல்லாமல் பரிசு அறிவிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பரிசுத் திட்டம் முடிந்த பின் முடிவை வெளியிடாமல் மறைப்பதும் அப்படியே. 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டுதல்கள், மக்களை ஏய்க்கும் 13 வகைத் திரைத் தந்திரங்களைத் தடை செய்கின்றன. தொடர்புப் பட்டியலைக் கொடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்று கட்டாயப்படுத்துவது அதில் அடங்கும்.

ஆனால் ஆதாரம் இல்லாமல் சட்டம் நகராது. 2007-ல் கோன் பனேகா குரோர்பதி நிகழ்ச்சியோடு நடந்த எஸ்.எம்.எஸ். போட்டிக்கு ஒரு செய்திக்கு 2.40 ரூபாய் பிடித்தார்கள். அந்த வசூலிலிருந்தே பரிசு கொடுத்தார்கள் என்ற புகாரில், தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் 1 கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பின்னர் அதை ரத்து செய்தது. அத்தனை பெரிய வழக்குக்கே அந்தக் கதி. ஆகவே பாக்கெட், கடை ரசீது, விளையாட்டின் ஒவ்வொரு திரைக்கும் ஸ்கிரீன்ஷாட், "வென்றீர்கள்" என்று வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்திவிட்டு, அதன் பிறகே ஆப்பை நீக்குங்கள்.

முதலில் 1915-க்கு அழையுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் இரண்டு வழி. பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர், அதாவது ரசீது உள்ளவர், புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாக வழக்குப் போடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எதுவும் வாங்காமல் இலவசமாக விளையாடியவரை நுகர்வோராக ஆணையம் ஏற்பது கடினம். அவருக்குத்தான் பலரும் அறியாத இன்னொரு வழி: பிரிவு 17-ன் கீழ் மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் புகார் தரலாம். மக்களை ஏமாற்றும் விளம்பரம் என்று குறிப்பிட்டு, வழுதாவூர் சாலையில் பேட்டையன்சத்திரத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். "இது எங்கள் வேலை இல்லை" என்று கவுண்டரில் சொன்னால் மனுவில் எழுதியுள்ள பிரிவு எண்ணைக் காட்டுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நகராதீர்கள். பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. புகாரே போகாவிட்டால் இந்த அதிகாரம் எதற்கு?

பிள்ளைகளின் தகவலைப் பின்தொடர்ந்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதை 2023-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு மேலும் 18 மாத அவகாசம் வேறு. இத்தனை தாமதத்துக்கு எந்த நியாயமும் இல்லை. அதுவரை செல்போன் அமைப்பில் தொடர்புகள், இருப்பிடம், மைக் அனுமதிகளை நீங்களேதான் நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, இதைவிட ஆபத்தானது. பெயர் பெற்ற கம்பெனியின் விளையாட்டு மாதிரியே வரும் போலி. 2021-ல் டாடா குழுமத்தின் 150-ஆம் ஆண்டு விழா, கார் பரிசு என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் பரவியது. அது தங்களுடையது அல்ல என்று டாடா மறுத்தது. பரிசை வாங்க ஒருபோதும் வங்கி ஓ.டி.பி. தேவையில்லை, யூ.பி.ஐ. பின் எண்ணும் தேவையில்லை. மறுபடி சொல்கிறேன், பணம் வாங்க பின் எண் போட வேண்டியதே இல்லை.

பணம் போய்விட்டதா? அக்கம்பக்கத்தில் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், காவல் நிலையத்துக்கு ஓடுவதற்கும் முன்னால் 1930-க்கு அழையுங்கள். நேரம் போகப் போகப் பணம் வேறு வேறு கணக்குகளுக்குத் தாவிவிடும். பிறகு சைபர் கிரைம் தளத்தில் புகாரைப் பதிந்து, அன்றே வங்கிக் கிளையில் கடிதம் கொடுங்கள். நீங்களே ஓ.டி.பி. சொல்லியிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன தொகை உங்கள் பொறுப்பு, தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017 சுற்றறிக்கையில் சொன்னது. அதனால் கடிதத்தின் நகலில் தேதியோடு நேரத்தையும் எழுதிக் கையெழுத்து கேளுங்கள்.