மிஷ்மிஷின் பதினைந்து இலக்கங்கள்

உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

எங்கள் வீட்டு மிஷ்மிஷ் டுபாயில் பிறந்த பூனை. சாச்சாவின் குடும்பம் ஊர் திரும்பியபோது கூண்டில் வைத்து விமானத்தில் கொண்டு வந்தார்கள். பின்னர் அவர்களின் கைக்குழந்தைக்குப் பூனை முடி ஒத்துக்கொள்ளாததால் அது எங்களிடம் வந்து சேர்ந்தது. ஒப்படைக்கும்போது சாச்சி, "இதுக்கு மைக்ரோசிப் போட்டிருக்கு. தொலைஞ்சாலும் பயமில்ல" என்றார். நாங்களும் நம்பினோம். கழுத்துப்பட்டி கூடப் போடவில்லை.

சென்ற மழைக்காலத்தில் இடி முழங்கிய ஓர் இரவு மிஷ்மிஷ் காணாமல் போனது. "சிப் இருக்குதே, எங்கே நிற்குது என்று கைத்தொலைபேசியில் பார்க்க ஏலாதா?" என்று உம்மா கேட்டார். ஏலாது என்பதை அன்றுதான் அறிந்தேன். அந்த அறிவைத் தோழிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மைக்ரோசிப் என்பது ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் நீளமான, அரிசி மணி போன்ற ஒரு கண்ணாடிக் குழாய். மிருக வைத்தியர் அதனை ஊசி மூலம், இரு தோள்களுக்கும் இடையே தோலின் கீழே செலுத்துவார். அதனுள் மின்கலம் இல்லை. ஒரு சிறு கம்பிச் சுருளும், இலக்கம் பதிந்த ஒரு சில்லுமே உண்டு. ஸ்கேனரை அருகில் கொண்டு சென்றால், அது உண்டாக்கும் மாறும் காந்தப்புலம் அந்தச் சுருளில் மின்னைத் தூண்டும். பௌதிகவியலில் நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது. அந்தச் சிறிதளவு மின்னில் சில்லு விழித்தெழுந்து, தன் இலக்கத்தைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். சர்வதேச நியமப்படி இதற்கான அதிர்வெண் 134.2 கிலோஹேர்ட்ஸ், இலக்கம் 15 தானங்கள் கொண்டது. சில சென்ரிமீற்றர் தூரத்துக்குள் மட்டுமே இதனை வாசிக்க முடியும். ஜீ.பி.எஸ். போல இருப்பிடத்தைக் காட்டும் கருவி அல்ல இது.

அந்த இலக்கத்தில் உரிமையாளரின் பெயரோ விலாசமோ இல்லை. அவை பதிவேடு ஒன்றில் தனியாக இருக்கும். யாரோ ஒருவர் பிராணியைக் கண்டெடுக்க வேண்டும். ஸ்கேனர் உள்ள வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். பதிவேட்டில் இருக்கும் தொலைபேசி இலக்கம் உயிரோடிருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் சிப்பால் பயனில்லை.

எங்களுக்குத் தவறியது மூன்றாவது. நாங்கள் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் தேடிக்கொண்டிருந்தோம். மிஷ்மிஷோ, எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது ஒழுங்கையில் ஒரு வீட்டில் இருந்தது. அவ்வீட்டார் நல்லவர்கள். நான்காம் நாளே வைத்தியரிடம் கொண்டு சென்றிருக்கிறார்கள். ஸ்கேனர் இலக்கத்தைக் காட்டியது. பதிவேடு சாச்சாவின் டுபாய்த் தொலைபேசி இலக்கத்தைக் காட்டியது. அந்த இலக்கம் துண்டிக்கப்பட்டு எத்தனையோ மாதங்கள்! உரியவர் இல்லையென்று எண்ணி அவர்களே வளர்க்கத் தொடங்கினார்கள்.

பேக்கரியில் வாப்பா ஒட்டிய அறிவித்தலைப் பார்த்து, பத்தொன்பதாம் நாள் அவர்கள் அழைத்தார்கள். அவ்வீட்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி. அவள் மிஷ்மிஷுக்குச் 'சீனி' என்று பெயர் வைத்து மடியில் வைத்திருந்தாள். "இது வேற பூனை" என்று தர மறுத்தாள். செம்மஞ்சள் பூனைகள் ஊரில் பல உண்டே! கடைசியில் இரு குடும்பமும் சேர்ந்து வைத்தியரிடம் சென்றோம். ஸ்கேனர் காட்டிய பதினைந்து இலக்கங்களையும் நான் தடுப்பூசிப் புத்தகத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வாசித்தேன். எல்லாம் பொருந்தின.

"அதுக்குள்ள என்ட பேர் இல்லயா?" என்று அவள் கேட்டாள்.

அதனுள் என் பெயரும் இல்லை என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு வரும்போது மகிழ்ச்சியோடு குற்ற உணர்வும் சேர்ந்தே வந்தது. நாங்கள் ஓர் இலக்கத்தை மாற்றியிருந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்தப் பிரிவே நேர்ந்திராது.

பின்னர் இதுபற்றித் தேடி வாசித்தேன். அமெரிக்காவில் 53 காப்பகங்களில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், பிடிபட்ட நாய்களில் நூற்றுக்கு 22 அளவில்தான் உரியவரிடம் திரும்பியிருந்தன. சிப் உள்ள நாய்களில் 52. பூனைகளில் நூற்றுக்கு இரண்டிலும் குறைவு. சிப் உள்ளவற்றில் 38 இலும் அதிகம். சிப் இருந்தும் உரியவரைக் கண்டுபிடிக்க முடியாமற்போனதற்கு முதன்மையான காரணம், தவறான அல்லது துண்டிக்கப்பட்ட தொலைபேசி இலக்கம். எங்கள் கதையேதான்! இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல், 20 வாரமாவதற்குள் பூனைக்குச் சிப் பொருத்துவது சட்டம். விபரங்களைப் புதுப்பித்து வைப்பதும் அச்சட்டத்தில் அடங்கும்.

அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, கிடைத்த பூனைகளில் நூற்றுக்கு 75, காணாமற்போன இடத்திலிருந்து 500 மீற்றருக்குள்ளேயே இருந்தன. ஆகவே பூனை தொலைந்தால் முதலில் அயல் வீடுகளின் கராஜ், விறகுக் கொட்டில், கூரை இடுக்கு என்பவற்றை, வீட்டாரிடம் கேட்டுவிட்டு நாமே சென்று பார்க்க வேண்டும். பயந்த பூனை கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. தெரு அடங்கிய இரவில் டோர்ச் அடித்தால் அதன் கண்கள் மின்னும். அயலவரிடம் படத்தைக் காட்டி, கடைகளில் அறிவித்தல் ஒட்டுங்கள். தொலைபேசி இலக்கம் எழுதிய கழுத்துப்பட்டியை வாசிக்க ஸ்கேனர் தேவையில்லை. அது இழுபட்டால் தானே கழன்றுவிடும் வகையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கிளையில் மாட்டி உயிருக்கே ஆபத்தாகும்.

இப்போது மிஷ்மிஷின் பதிவில் வாப்பாவின் இலக்கமும் உம்மாவின் இலக்கமும் இருக்கின்றன. கழுத்தில் பட்டியும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அந்தச் சிறுமி எங்கள் வீட்டுக்கு வருவாள். 'சீனி' என்று கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்கிறது.

செல்லப்பிராணி நம் கையில் உள்ள ஓர் அமானிதம். உங்கள் வீட்டுப் பிராணிக்குச் சிப் இருந்தால், அதன் புத்தகத்தை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். பதிவிலுள்ள இலக்கத்துக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். மணி உங்கள் வீட்டில் ஒலிக்கிறதா?