ஆமைக் குட்டிக்கு ஒரு வீடு

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பது நம் ஊர்ப் பழமொழி. ஆனால், அந்த ஆமையையே காசு கொடுத்து வாங்கி, ஹாலில் இடம் ஒதுக்கி, கரன்ட் செலவு பண்ணி வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கே என்கிறீர்களா? இங்கிலாந்தில்! என்னிடம் மூட்டு வலிக்கு மருந்து சாப்பிடும் ஓர் அம்மாள், லண்டனில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். தன் வலியைப் பற்றியெல்லாம் சொல்லி முடித்த பிறகு, மெதுவாக ஆரம்பித்தார்: "டாக்டர், பேரன் ஆமைக் குட்டி வாங்கியிருக்கான். கண்ணாடித் தொட்டியில வச்சிருக்காங்க. நாள் பூரா கண்ணாடியைப் பிறாண்டிக்கிட்டே இருக்கு. ஓட்டைத் தொட்டா அமுங்குது வேற. ஒரு வயசு ஆகப்போகுது. இதுக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா?"

சித்த வைத்தியரிடம் ஆமைக்கு மருந்தா என்று சிரிக்காதீர்கள். அந்த அம்மாள் சொன்னது, நம் குழந்தைகளுக்கு வெயில் படாமலும் சுண்ணாம்புச் சத்து சேராமலும் வருகிற ரிக்கெட்ஸ் நோய்க்குப் பங்காளி. முட்டையிலிருந்து வந்து சில வாரமே ஆன குட்டிக்கு ஓடு கொஞ்சம் வளைந்து கொடுப்பது இயல்பு. மாதக்கணக்கில் ஆகியும் இறுகவில்லை என்றால் அது நோய். 'ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டச் சொல்லுங்கள்' என்றேன். ஆனால், அவர் கொடுக்கிற மருந்து பாதிதான். மீதிப் பாதி, அந்தக் குட்டி இருக்கிற பெட்டியில் இருக்கிறது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற பல வீடுகளுக்கும் இது பயன்படும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

அதற்கு முன்னால், இங்கே இருக்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 'நாமும் ஒன்று வாங்கலாமே' என்று கிளம்பிவிடாதீர்கள். நம் காட்டில் இருக்கிற நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2022 திருத்தத்துக்குப் பிறகு அது முதல் அட்டவணையில் இருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. யாரோ கொடுத்து ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். புண்ணியம் என்று நினைத்துக் கோயில் குளத்திலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். அது தரையில் வாழ்கிற ஆமை. நீந்தத் தெரியாது, மூழ்கிச் செத்துப்போகும். ஆமையோட்டைப் பற்பமாக்கிக் கொடுக்கிற முறை எங்கள் மருத்துவத்தில் உண்டு. அதைக் காரணம் காட்டி யாராவது ஆமை தேடினாலும் அதே சட்டம்தான். அந்தக் குணத்துக்கு வேறு மருந்துகள் தாராளமாக இருக்கின்றன.

இங்கிலாந்தில் பேரன் வாங்கியது ஹெர்மான் ஆமை. தெற்கு ஐரோப்பாவில், மத்தியதரைக் கடல் பக்கத்து ஊர்களில் இருக்கிற இனம். அங்கேயும் இஷ்டத்துக்கு விற்க முடியாது. வளர்ப்பில் பிறந்தது என்பதற்கான அரசுச் சான்றிதழோடு விற்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் கொடுத்தால் வாங்கவே கூடாது. ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய ஜீவன் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பேரனுக்குப் பேரன் பிறந்தாலும் அது இருக்கலாம்!

கண்ணாடி வேண்டாம்

கடையில் முதலில் காட்டுவது கண்ணாடித் தொட்டியைத்தான். பார்க்க அழகு. ஆனால், கண்ணாடி என்றால் என்னவென்று ஆமைக்குப் புரியாது. அந்தப் பக்கம் தெரிகிறதே, போக முடியவில்லையே என்று முட்டிக்கொண்டே இருக்கும். பிறாண்டியதற்கு அதுதான் காரணம். ஆழமான தொட்டியில் காற்றோட்டமும் குறைவு.

அதைவிட நல்லது, மேலே திறந்த, சுற்றிலும் மறைப்புள்ள அகலமான மரப்பெட்டி. 'டார்ட்டாய்ஸ் டேபிள்' என்றே அங்கே விற்கிறார்கள். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. பழைய புத்தக அலமாரி ஒன்றை மல்லாக்கப் படுக்க வைத்து, உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் விரித்தால் அருமையான ஆமை வீடு. குட்டிக்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலமாவது வேண்டும். சுவர் ஓர் அடி உயரம். 'இத்துனூண்டு குட்டிக்கு இவ்வளவு இடமா?' என்று கேட்காதீர்கள். சின்னப் பெட்டியில் ஒரு விளக்கு வைத்தாலே முழுதும் ஒரே சூடாகிவிடும். ஆமைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. சூடு வேண்டும்போது ஒரு பக்கமும், போதும் என்று தோன்றும்போது மறு பக்கமும் நகர்ந்துதான் சமாளிக்கும். அதற்கு இடம் வேண்டாமா?

ஒரு முனையில் மேலிருந்து படும்படி சூடு தரும் பல்பு. அதற்கு நேர் கீழே 30 முதல் 35 டிகிரி செல்சியஸ். மறு முனை 20, 22 டிகிரி இருந்தால் போதும். கையை வைத்துப் பார்த்துக் கணக்குப் போடாமல், இரண்டு முனையிலும் தெர்மாமீட்டர் வையுங்கள். அடியில் சூடேற்றும் தட்டு, சுடும் கல் என்று விற்பவை வேண்டாம். இயற்கையில் சூடு மேலிருந்துதான் வருகிறது. அடியில் சுடுவது அதற்குச் சரியாகத் தெரியாமல் வயிறு வெந்துவிடும். விளக்குக்குக் கீழே மேடான கல் எதுவும் வைக்காதீர்கள். ஏறி, கவிழ்ந்து, திரும்ப முடியாமல் அந்தச் சூட்டிலேயே உயிர் போய்விடும்.

ஜன்னல் வெயில் வெயிலல்ல

அந்த அம்மாள் வீட்டில் நடந்த முக்கியமான தவறு இதுதான். தொட்டியை ஜன்னலோரம் வைத்து, 'நல்லா வெயில் படுதே' என்று திருப்திப்பட்டிருக்கிறார்கள். தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது வெயிலில் இருக்கிற யூவி-பி கதிர். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதை உள்ளே விடாது. வெளிச்சம் வரும், சூடும் வரும், சத்து வராது. வைட்டமின் டி இல்லாவிட்டால் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து தின்றாலும் உடம்பில் ஒட்டாது. ஓடு மெத்தென்று ஆகும், கால் வளையும், நடை தள்ளாடும். குழந்தையை ஜன்னல் ஓரத்தில் படுக்கவைத்துவிட்டு வெயில் காட்டியதாக நினைக்கிற தாய்மார்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்!

ஆகவே ஊர்வனவற்றுக்கென்றே விற்கிற யூவி-பி ட்யூப் லைட் ஒன்று கட்டாயம். எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பார்கள், அதன்படி மாட்டுங்கள். இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கக் கூடாது. பகலில் 12 மணி நேரம் எரியட்டும், இரவில் அணைத்துவிடுங்கள். இன்னொன்று, வெளிச்சம் இருக்கும்போதே யூவி-பி சக்தி குறைந்துபோகும். கண்ணுக்குத் தெரியாது. மாட்டிய தேதியை ட்யூபிலேயே எழுதிவைத்து, ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். கோடையில் வெயில் அடிக்கிற நாளில் வலை போட்ட கூண்டில், நிழலும் இருக்கும்படி, தோட்டத்தில் விட்டால் அதற்கு ஈடே இல்லை.

ஈரம்

'வறண்ட தேசத்து ஆமை, ஈரமே கூடாது' என்று பலர் நினைக்கிறார்கள். குட்டிகளுக்கு அது சரியில்லை. ஆப்பிரிக்க ஆமைக் குட்டிகளை வைத்துச் செய்து 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓடு கூம்பு கூம்பாகப் புடைப்பதற்கு உணவில் உள்ள புரதத்தைவிடக் காற்றின் வறட்சியே பெரிய காரணம் என்று தெரிந்தது. ஹெர்மான் குட்டி வளர்ப்பவர்களும் இதை மனதில் வைப்பது நல்லது. மருந்தடிக்காத தோட்ட மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து மூன்று நான்கு அங்குலம் போடுங்கள். (அந்த நார்த்தூள் நம் பொள்ளாச்சியிலிருந்து போனதாகக்கூட இருக்கலாம்!) அடி மண் ஈரமாகவும் மேல் மண் உலர்ந்தும் இருக்கட்டும். செய்தித்தாள், மரச்சீவல் வேண்டாம். குளிர்ந்த முனையில் கவிழ்த்த பூந்தொட்டி ஒன்று ஒளிந்துகொள்ள. தட்டையான தட்டில் தண்ணீர். தினமும் பத்து நிமிஷம், தாடை நனையாத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டால் குடிக்கும், மலஜலமும் கழிக்கும். பக்கத்திலேயே இருந்து பாருங்கள்.

தீனி விஷயத்தில் பாட்டிமார்கள்தான் கவனிக்க வேண்டும். இட்லி, சாதம், வாழைப்பழம் எதுவும் கூடாது. பசலைக் கீரையை வழக்கமாகக் கொடுத்தால் அது சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. தோட்டத்தில் தானாக முளைக்கிற டான்டிலியன், க்ளோவர் மாதிரி களைச்செடிகள்தான் விருந்து. கூடவே கடல்நுரை ஒரு துண்டு. ஆமாம், நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்குகிற அதே கணவாய் ஓடுதான். அங்கே கூண்டுப் பறவைகளுக்கு என்று விற்கிறார்கள். கடித்துக்கொள்ளட்டும்.

ஒரு பெட்டியில் ஒரு குட்டி போதும். துணை வேண்டும் என்று இரண்டு விட்டால், ஒன்று மற்றதைத் தின்னவிடாமல் விரட்டும்.

கடைசியாக, உங்கள் பேரப்பிள்ளைகள். நோய் எதுவும் இல்லாத ஆமையின் கழிவிலும் ஓட்டிலும்கூட சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். சின்னக் குழந்தைகள் ஆமைக் குட்டியை வாயில் வைத்து நோய் வாங்கியதால்தான் அமெரிக்காவில் 1975-ல், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள குட்டிகளின் விற்பனையைத் தடை செய்தார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் பார்ப்பதோடு நிறுத்துங்கள். பெட்டி சமையலறையில் வேண்டாம். அதன் தட்டைச் சமையல் பாத்திரம் கழுவும் தொட்டியில் கழுவாதீர்கள். தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வாரம் ஒரு முறை குட்டியை எடை போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எடை குறைந்தால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போகலாம். அதற்குத் தராசு மட்டும் தனியாக வாங்கட்டும். கேக் செய்ய மாவு நிறுக்கிற தராசு வேண்டாம்.