21 தீவுகள், 2 கடலுக்குள் போச்சு... மன்னார் வளைகுடாவில் டைவிங் போகலாமா?

கோவளம், மாமல்லபுரம் கடலையே பார்த்து வளர்ந்த திருப்போரூர் பக்கத்து ஆட்களுக்கு ஒரு ஏக்கம் உண்டு. அலை இருக்கு, மணல் இருக்கு, ஆனா கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு தீவுகூட இல்லை. தீவுன்னாலே அந்தமான், லட்சத்தீவுதான் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால், நம்ம தமிழ்நாட்டுக்கே சொந்தமா ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது.

எங்கே இருக்கு?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே, கரையை ஒட்டியே வரிசையாக 21 தீவுகள். மண்டபம் பகுதியில் 7, கீழக்கரையில் 7, வேம்பாரில் 3, தூத்துக்குடியில் 4. 1986-ல் இந்தப் பகுதி 560 சதுர கி.மீ. பரப்பில் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் 10,500 சதுர கி.மீ. உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறை, கடல் புல், கடல் ஆமை, மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடல் பசு என 3,600-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இங்கே வாழ்கின்றன.

தீவில் இறங்கலாமா?

பொதுவாக முடியாது. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுகளில் கால் வைப்பது சட்டப்படி குற்றம். விதிவிலக்கு, பாம்பன் அருகே உள்ள குருசடை தீவு. குந்துகாலில் இருந்து வனத்துறையே படகில் அழைத்துப் போகிறது. ஏர்வாடி அருகே பிச்சைமூப்பன்வலசையிலும் படகில் போய்ப் பவளப்பாறைகளைப் பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது கடலுக்கு அடியில். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல வருஷம் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததே முக்கியக் காரணம். பவளப்பாறைதான் தீவுக்கு வேலி. அலையின் வேகத்தை அது உடைக்கும். வேலி போனால் மண் கரையும், மண் கரைந்தால் தீவும் போகும். அடுத்து, கரையில் இருக்கும் மீனவ ஊர்கள்தான் அலைக்கு முன்னால் நிற்கும்.

தூத்துக்குடி பக்கத்து வான் தீவும் இப்படித்தான் சுருங்கியது. அதைக் காப்பாற்ற 2015 முதல் கடலுக்குள் கான்கிரீட் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன. இன்னொரு பக்கம், கடல் சூடாவதால் 2010, 2016, 2024 ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு அதிக விலை கொடுத்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தீவோரம் பாசி எடுத்துப் பிழைத்த மீனவப் பெண்கள். அவர்களுக்கே தடை இருக்கும் இடத்தில் நாம் 'ஜாலி ட்ரிப்' கேட்பது சரியா என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

அப்போ ஸ்கூபா டைவிங்?

பூங்கா எல்லைக்குள் பொழுதுபோக்கு டைவிங் கிடையாது. நமக்குப் பக்கத்தில் என்றால் புதுச்சேரியில் பயிற்சி மையங்கள் உள்ளன. தீவு டைவிங்தான் வேண்டும் என்றால், சென்னையில் இருந்து விமானத்தில் அந்தமான் போய், அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் எனப்பட்ட ஸ்வராஜ் தீவு போகலாம். லட்சத்தீவுக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு கட்டாயம். கொச்சியில் இருந்து அகத்திக்கு விமானம் உண்டு.

எப்போ போகலாம்?

குருசடைக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்லது. அதன்பின் கச்சான் காற்று எழுந்தால் மன்னார் கடல் கொந்தளிக்கும், படகு ஓடாது. கிளம்பும் முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செங்கல்பட்டில் ராமேஸ்வரம் ரயில் ஏறினால், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தையும் பார்த்துவிடலாம்.

இதை மறக்காதீங்க

* பவளத்தைத் தொடாதீர்கள், மிதிக்காதீர்கள். உருண்டைப் பவளங்கள் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும்.
* பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் அட்டை எதையும் யார் விற்றாலும் வாங்காதீர்கள். எல்லாமே வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை.
* கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். கடல் புல் மேயும் ஆவுளியாவுக்கு அது பை என்று தெரியாது.