காயவிட்டால்தான் கிருஷ்ணர் கண் திறப்பார்!

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணர் இருக்கிறார். வைகாசியில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து நானே செய்த தஞ்சாவூர் ஓவியம் அது. சனிக்கிழமை காலை வெறும் பலகையாக இருந்தது, ஞாயிறு மாலை தங்கம் ஜொலிக்கும் படமாகிவிட்டது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

கார்த்திகை அடைமழையில், படத்தில் இருந்த மண்டபத் தூணில் மெல்லிய கீறல் ஒன்று தெரிந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் படத்தைக் கழற்றியபோது, தங்க ரேக்கோடு ஒரு துண்டு கையிலேயே பெயர்ந்து வந்துவிட்டது. "என்னம்மா இது, சாமி படம் உதிருது!" என்று பதறிப்போனார் மாமியார்.

எங்கே தப்பு என்று அன்று புரியவில்லை. மாசியில் வேறொரு வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், எட்டு வாரம். அங்கேதான் விஷயம் விளங்கியது. என் கை சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. படத்துக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தைத்தான் நான் கொடுக்கவில்லை.

'மிக்ஸட் மீடியா'வுக்கே தாத்தா!

பெருநகரங்களில் இப்போது பெரியவர்களுக்கான 'மிக்ஸட் மீடியா' ஓவியப் பயிலரங்குகள் பிரபலம். வண்ணத்தோடு துணி, காகிதம், கயிறு, மணி என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்துச் செய்யும் கலை அது. மேற்கத்திய ஓவிய வரலாற்றில் இதற்குத் தொடக்கமாகப் பெரும்பாலும் சொல்லப்படுவது, 1912-ல் பிக்காசோ செய்த ஒரு படம். நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக வைத்தார்.

நம் தஞ்சாவூர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பலகை, துணி, பசை, சுண்ணப்பொடி, கல், தங்கம், வண்ணம் என ஏழையும் ஒரே படத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். பலகையின் மேல் செய்வதால் 'பலகைப் படம்' என்பது இதன் பழைய பெயர். அந்தக் காலத்தில் பலா மரப் பலகையும் தேக்கும் பயன்பட்டன. இப்போது பெரும்பாலும் பிளைவுட்.

1565-ல் விஜயநகரம் வீழ்ந்த பிறகு, ஆதரவு தேடித் தெற்கே வந்த ஓவியர்களோடு இந்தக் கலையின் கதை தொடங்குகிறது. நாயக்கர்களுக்குப் பின், 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி (1798-1832) நாளில், நாம் இன்று பார்க்கும் வடிவம் செழித்தது. தஞ்சாவூரிலும் திருச்சியிலும் ராஜு சமூகத்தினரும், மதுரையில் நாயுடு சமூகத்தினரும் பரம்பரையாக இதைச் செய்துவந்தார்கள். 2007-08-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

குடும்பத்துக்குள் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்த வேலை இது. சிறு வயதிலிருந்தே பட்டறையில் பசை கலக்கி, பலகை தேய்த்து வளர்ந்த பிள்ளை, எது எப்போது காயும் என்பதைத் தொட்டே சொல்லிவிடும். அதே வேலையை இன்று ஐம்பது வயதில் ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து கற்கிறார். பட்டறை பல வருடங்களில் கொடுத்ததை வகுப்பு எத்தனை நாளில் கொடுக்க முடியும்?

அடுக்குக்கு அடுக்கு காயணும்

எட்டு வார வகுப்பின் முதல் ஞாயிற்றுக்கிழமை படம் வரையவே இல்லை. பிளைவுட் மேல் பசை தடவி, காடாத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டினோம். அவ்வளவுதான், வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார் ஆசிரியர். "துணி எதுக்கு சார், பலகை மேலேயே பூசிடலாமே?" என்று ஒருவர் கேட்டார். "மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். மேலே இருக்கிற சுண்ணம் அசையாது. ரெண்டுக்கும் நடுவுல விட்டுக்கொடுக்க ஒரு ஆள் வேணாமா? அதுதான் துணி" என்றார் ஆசிரியர். கூட்டுக்குடும்பத்தில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது!

இரண்டாவது வாரம், சாக் பவுடரும் பசையும் கலந்து துணிமேல் பூச்சு. ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். மூன்றாவது வாரம்தான் படத்தைப் பலகையில் இறக்கினோம். பிறகு கல் பதித்தல். அடுத்து, இந்தக் கலையின் உயிரான மக்கு வேலை.

சுண்ணப்பொடியையும் கோந்தையும் குழைத்துச் செய்வதுதான் மக்கு. தூண், வளைவு, நகை, திரைச்சீலை என எதெல்லாம் மேடாகத் தெரிய வேண்டுமோ, அங்கெல்லாம் இதைத் தூரிகையால் எடுத்து வைத்து உயர்த்த வேண்டும். அது காய்ந்த பிறகு, மேலே 22 காரட் தங்க ரேக்கை ஒட்டி மெதுவாக அழுத்தினால், அடியில் இருக்கும் பூவும் கொடியும் தங்கத்தில் எழுந்து வரும். வண்ணம் அதற்கும் பிறகு. கடைசியாகக் கண்.

இதே முறையை இத்தாலியிலும் கைக்கொண்டிருக்கிறார்கள். 1400-ஐ ஒட்டி செனினோ செனினி என்ற ஓவியர் எழுதிய கைவினைக் கையேட்டில், மரப்பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணமும் பசையும் பூசி, தேய்த்து, அதன்மேல் தங்கம் வைக்கும் முறை படிப்படியாக வருகிறது. தேவாலயப் படத்துக்கும் நம் கிருஷ்ணருக்கும் அஸ்திவாரம் ஒன்றேதான். அவசரத்துக்கு இடமில்லாததும் இரண்டிலும் ஒன்றுதான்.

என் கிருஷ்ணர் ஏன் உதிர்ந்தார்?

உடைந்த படத்தை மூன்றாவது வாரம் ஆசிரியரிடம் கொண்டுபோனேன். பெயர்ந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார். "ஹேர் டிரையர் வெச்சுக் காயவெச்சாங்களாம்மா?" என்றார். ஆமாம், வரிசையாக நின்று காட்டினோம்!

மக்கைக் கனமாக ஒரே தடவையில் வைத்து, சூடான காற்றைக் காட்டினால் மேல்தோல் மட்டும் காய்ந்துவிடும். உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் தங்கத்தை ஒட்டி மூடினால் ஈரம் வெளியேற வழி குறைந்துபோகும். உள்பக்கம் மெதுவாகச் சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிப்போன மேல்பக்கம் வெடிக்கும். வெயிலில் வைத்தாலும் இதே கதிதான். நிழலில், காற்றாட, மெல்லிய அடுக்குகளாகக் காயவிட வேண்டும்.

டெல்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கும். வயலில் சம்பா நிற்கும். வீட்டுக்குள் அப்பளம்கூட நமத்துப்போகும். அந்த மாதங்களில் மக்கு காய இரண்டு, மூன்று மடங்கு நாள் பிடிக்கும், கோந்தில் பூஞ்சை வரும். அறுவடை முடிந்த மாசியில் எங்கள் வகுப்பைத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். ஈரக் காற்றும் குறைவு, வயல் வேலை உள்ளவர்களுக்கும் கொஞ்சம் ஓய்வு.

'எனக்கு வரையவே வராது!'

பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போல இல்லை. குழந்தை தப்பு செய்துவிட்டு அடுத்த தாளை எடுக்கும். பெரியவர்கள் பலகையைத் தொடவே யோசிக்கிறார்கள். அதுவும் சாமி படம் என்றால் கேட்கவே வேண்டாம். 'மூக்கு கோணிட்டா பாவமாச்சே' என்ற பயம். எங்கள் ஆசிரியர் ஒரு வழி வைத்திருந்தார். ஆளுக்கொரு சின்னப் பிளைவுட் துண்டு. அதில் மாங்காய், பூ, கொடி, மயில் மட்டும். கெட்டுப்போனால் சுரண்டிவிட்டு மறுபடி. தைரியம் வந்த பிறகுதான் பெரிய பலகை.

"எனக்கு வரையவே வராது" என்றவர்களிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி: "கோலம் போடுவீங்களா?" விரலிடுக்கில் மாவு ஒரே சீராக இறங்கத் தெரிந்த கைக்கு மக்கு வேலை சுலபம். மெகந்தி கோன் பிடித்தவர்களும், ஆரி வேலை செய்பவர்களும் ஒரே வாரத்தில் பழகிவிட்டார்கள். பதம் கேட்டபோது கிராம் கணக்கு சொல்லவில்லை, "தோசை மாவுப் பதம்" என்றார். எங்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்களுக்கு ஜன்னலோரம் இடம். முட்டிவலி உள்ளவர்களுக்குத் தரையில் உட்கார வேண்டாம், மேஜை. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். சின்ன விஷயங்கள்தான். ஆனால், இவை இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே பாதிப்பேர் நின்றுவிடுவார்கள்.

இரண்டு நாள் வகுப்பே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு வார இறுதி மட்டும்தான் கிடைக்கும். மக்கு வேலை முடித்துக் காய்ந்த பலகையைக் கொடுத்து, 'இன்று தங்கம் ஒட்டவும் வண்ணம் தீட்டவும் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்' என்று வெளிப்படையாகச் சொல்லும் வகுப்பு நல்ல வகுப்பே. தொடக்கம் முதல் முடிவு வரை இரண்டே நாளில் என்று சொல்வதில்தான் சிக்கல்.

ஏனென்றால், அந்தப் படங்கள் பூஜை அறையோடு நிற்பதில்லை. கொஞ்சம் கை பழகியதும் தெரிந்தவர்களுக்குச் செய்து விற்கிறோம். கல்யாணப் பரிசாகப் போகிறது. தங்கத்துக்குப் பதில் பித்தளை நிறத் தாளை ஒட்டியிருந்தால் நாளடைவில் கறுக்கும். வாங்கியவர் நம் பெயரைச் சொல்ல மாட்டார். 'தஞ்சாவூர் பெயின்டிங்னாலே இப்படித்தான்' என்பார். வாரக்கணக்கில் ஒரு படத்தோடு உட்காரும் பரம்பரைக் கலைஞரின் பிழைப்பில்தான் அந்தச் சொல் போய் விழும்.

சேரும் முன் கேளுங்கள்

* பலகை தயாரிப்பதும் மக்கு குழைப்பதும் நாமே செய்வோமா, தயாராகக் கொடுப்பார்களா?
* ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே எத்தனை நாள் காயவிடுவார்கள்?
* ஒட்டுவது உண்மையான தங்க ரேக்கா, சாயல் தாளா? கட்டணத்தில் அதுவும் சேர்த்தியா?
* தண்ணீர் தாங்கும் பிளைவுட்டா?
* படம் வீட்டுக்குப் போன பிறகு விரிசல் விட்டால் சரிசெய்யச் சொல்லித்தருவார்களா?

வகுப்பில் சேரும் முன் ஒருநாள் தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் உள்ள சரஸ்வதி மஹால் நூலக அருங்காட்சியகத்துக்கோ, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ போய்ப் பழைய படங்களைப் பாருங்கள். கண் பழகிவிட்டால், கைக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிடும்.

எட்டாவது ஞாயிற்றுக்கிழமை, என் இரண்டாவது கிருஷ்ணருக்குக் கண் வைத்தேன். கை நடுங்கியது. பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இரண்டே புள்ளிதான், ஆனால் அதுவரை பலகையாக இருந்தது என்னைப் பார்க்க ஆரம்பித்தது.

அதற்குப் பின் இரண்டு கார்த்திகை போய்விட்டன. கிருஷ்ணர் அப்படியே இருக்கிறார்.

பழையவரைத் தூக்கிப் போடவில்லை. எங்கள் ஆசிரியர் புது வகுப்பு தொடங்கும்போதெல்லாம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் போகிறார். முதல் நாள், யார் கையிலும் தூரிகை கொடுப்பதற்கு முன்னால், உடைந்த அந்தத் தூணை ஒரு சுற்று எல்லோர் கைக்கும் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். "உள்ளே தொட்டுப் பாருங்க. இதுதான் முதல் பாடம்!"