பழைய பதிப்பைக் காப்பவர்கள்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ரயிலில் சென்று பழகியவர்கள் 2006ஆம் ஆண்டின் இறுதியை மறந்திருக்க மாட்டார்கள். விழுப்புரம் முதல் மயிலாடுதுறை வரை இருந்த மீட்டர் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்காக அப்போது வண்டிகள் நிறுத்தப்பட்டன. மீண்டும் பயணிகள் வண்டி ஓடியது 2010ஆம் ஆண்டில்தான். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூர் மக்களுக்குப் பேருந்தே துணையாயிற்று. பழைய தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகே புதியதைப் பதிக்க வேண்டியிருந்தது; வேறு வழியில்லை.

கணினியை இயக்கும் மென்பொருளிலும் இத்தகைய மாற்றம் இடைவிடாமல் நிகழ்கிறது. ஆனால் அங்கே பழைய பாதையைப் பெயர்க்காமலே புதிய பாதையைப் போடலாம். சில காலம் இரண்டிலும் வண்டி விடலாம். எத்துணைக் காலம் விடுவது, பழைய பாதையைப் பழுது பார்ப்பவர் யார் என்பவற்றையே, மாணவ நண்பர்களே, இன்று நான் விளக்க முற்படுகிறேன்.

மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். 1993ஆம் ஆண்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் இவ்வகையில் மூத்த முயற்சிகளுள் ஒன்று. பல நாடுகளிலுமுள்ள தன்னார்வலர்கள் அதனைப் பேணி வருகின்றனர். அதனை அடிப்படையாகக் கொண்டு நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன் பாஸும் இடம்பெற்றது. டெபியன் என்ற பெயரையே கேளாத வீடுகளிலும் அதன் வழிவந்த ஒன்று இவ்வாறு குடியேறியது. அன்று அண்ணன் பெற்ற மடிக்கணினி இன்று தம்பியின் கையில் இருக்கலாம். குறைவின்றி இயங்கவும் கூடும். ஆயினும் அதிலுள்ள பதிப்பை இன்று யாரேனும் காத்து வருகிறார்களா என்பது வேறு கேள்வி.

பதிப்பு என்ற சொல் நமக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்தார். திருத்திய இரண்டாம் பதிப்பு 1907இல் வந்தது. முதற்பதிப்பை வைத்திருந்தவருக்கு அதனால் தீங்கொன்றும் இல்லை. மென்பொருளின் நிலை அத்தகையதன்று. ஒரு பிழை வெளிப்பட்டால் திருத்துவோர் அறியும் அதே நாளில் திருடரும் அறிவர். திருத்தம் வந்து சேராத கணினி, எந்தத் தாழ்ப்பாள் பழுது என்று ஊரறிந்த வீடு.

புதிய நிரல் டெபியனில் எவ்வாறு வெளிவருகிறது? முதலில் அது ‘நிலையற்றது’ என்றே பெயர் பெற்ற பிரிவில் நுழைகிறது. சில நாட்கள் பெரும்பிழை ஏதும் தோன்றாவிடின் ‘சோதனை’ப் பிரிவுக்குச் செல்கிறது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியீட்டுக் குழுவினர் சோதனைப் பிரிவைப் படிப்படியாக உறையச் செய்கின்றனர். அதன்பின் புதுமைக்கு இடமில்லை. பிழை நீக்கம் மட்டுமே. வெளியீட்டைத் தடுக்கும் பிழைகள் தீர்ந்த பின்னரே ‘நிலையானது’ பிறக்கிறது. பன்னிரண்டாம் பதிப்பு 2023 ஜூனிலும் பதின்மூன்றாவது 2025 ஆகஸ்டிலும் இவ்வாறு வந்தன.

“இத்தனை தாமதம் ஏன் ஐயா?” என்று மாணவர் ஒருவர் என்னைக் கேட்டதுண்டு. 2024 மார்ச் மாதத்து நிகழ்ச்சியே போதிய விடை. எக்ஸ்-இசட் என்னும் சுருக்கு நிரலின் இரு புதிய பதிப்புகளில் எவரோ கள்ளக்கதவு ஒன்றை மறைத்து வைத்திருந்தனர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்து, ஆண்டிரஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர் அதனைக் கண்டுபிடித்தார். நிலையற்ற பிரிவிலும் சோதனைப் பிரிவிலும் அது புகுந்திருந்தது; நிலையான பதிப்பை எட்டவில்லை.

இனி, பழைய பதிப்பைக் காக்கும் முறை. என் எண்ணத்தில் இதுவே நுட்பமான பணி. இதற்கு உரிய புகழ் கிடைப்பதில்லை. 2014 ஏப்ரலில் ஓப்பன்-எஸ்எஸ்எல் என்னும் மறைகாப்பு நிரலில் ஹார்ட்பிளீட் என்ற பிழை வெளிப்பட்டது. மூல ஆசிரியர்கள் திருத்தம் செய்து 1.0.1ஜி என்னும் புதிய பதிப்பை வெளியிட்டனர். அன்றைய நிலையான டெபியனில் இருந்ததோ 1.0.1இ. டெபியன் குழுவினர் அதனை அகற்றிப் புதியதை வைக்கவில்லை. திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்துப் பழைய நிரலுக்குள் பொருத்தினர். முழுவதையும் மாற்றினால் அதனை நம்பி நிற்கும் பிற நிரல்கள் இடறக்கூடும் அல்லவா? எண் அதேதான், வாலில் சிறு குறி ஒன்று மட்டும் சேர்ந்தது. எண்ணை மட்டும் பார்ப்பவர் காக்கப்பட்டதைக் காக்கப்படாதது என்று எண்ணிவிடுவார். இன்னொரு வியப்பு: அதற்கும் முந்தைய டெபியனில் இருந்த ஓப்பன்-எஸ்எஸ்எல் மிகப் பழையதாகையால், அப்பிழை அதில் தோன்றவே இல்லை.

அப்படியானால் எல்லாப் பதிப்புகளையும் என்றென்றும் காக்கலாகாதா? ஒரு பிழைக்கான திருத்தத்தை ஐந்து பதிப்புகளில் பொருத்துவது ஐந்து வேலை. பழையது ஆக ஆகப் பொருத்தமும் அரிதாகிறது. ஆகவே டெபியன் ஒவ்வொரு பதிப்பையும் மூன்று ஆண்டுகள் முறையாகப் பேணுகிறது. பின்பு நீண்டகால ஆதரவுக் குழு ஒன்று, மொத்தம் ஐந்து ஆண்டுகள் ஆகும் வரை பொறுப்பேற்கிறது. இவ்வழக்கம் 2014இல் ஆறாம் பதிப்புடன் தொடங்கியது. பன்னிரண்டாம் பதிப்புக்குக் குறித்த முடிவுநாள் 2028 ஜூன் 30. பதின்மூன்றாவதற்கு 2030 ஜூன் 30. பதின்மூன்றில் ஒரு கண்டிப்பும் உண்டு: பழைய 32 பிட் கணினிகளில் அதனைப் புதிதாக நிறுவ இயலாது. பழைய கணினி வைத்திருப்போருக்கு இது வருத்தந்தான்.

எனவே தம்பியின் கையிலுள்ள மடிக்கணினியைத் திறந்து முதலில் அறிய வேண்டியது, அதிலுள்ள பதிப்பின் பெயரும் அதற்குக் குறித்த முடிவுநாளும். நாள் கடந்திருப்பின், கோப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டு அடுத்த பதிப்புக்கு ஏறுங்கள். ஒன்றைத் தாண்டிக் குதிக்காமல் பதிப்பு பதிப்பாக ஏறுவதே டெபியன் வகுத்த முறை. நிறுவும்போது தோன்றும் திரைகளைத் தமிழிலும் காணலாம். அத்தமிழ் தானாக வருவதன்று. ஆங்கில வாசகம் மாறுந்தோறும் தமிழ் வாசகத்தையும் ஒருவர் மாற்றியாக வேண்டும். நிரல்கள் உறைந்து நிற்கும் அந்தச் சில மாதங்களே மொழிபெயர்ப்பாளருக்கு வாய்க்கும் காலம். அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.